ஹகினோவின் வலது முழங்கை

ஜூலை 24

இந்த வாரம் ஜப்பான் நீச்சல் வீரர் கோசுகே ஹகினோவின் பழைய பந்தயங்களை வரிசையாகப் பார்க்கிறேன். முதலில் லண்டன் 2012 ஒலிம்பிக், 400 மீட்டர் தனிநபர் மெட்லி (நான்கு நீச்சல் முறைகளையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் பந்தயம்). பள்ளிப் படிப்பே முடியாத 17 வயது ஜப்பான் பையன் வெண்கலம் வாங்குகிறான். அவனுக்குப் பின்னால் நான்காவதாக வந்தவர் அமெரிக்க ஜாம்பவான் மைக்கேல் பெல்ப்ஸ்! 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம். அதில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சீனாவின் சுன் யாங்கையும் தென் கொரியாவின் பார்க் டே-ஹ்வானையும் முந்திய அந்தக் கடைசி சில மீட்டர்களை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

ஜூலை 26

2015 கோடை. பிரான்சில் பயிற்சிக்குப் போன இடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முழங்கை எலும்பு முறிந்தது. கசான் உலகச் சாம்பியன்ஷிப் கைநழுவியது. அங்கே 400 மெட்லி தங்கத்தை வென்றவர் இன்னொரு ஜப்பான் வீரர் டையா செட்டோ. ஹகினோவின் வயதுக்காரர், சிறுவயது முதலே போட்டியாளர்.

முழங்கைக் காயம் எந்த நீச்சல்காரரையும் முடக்கும். மெட்லிக்காரருக்கோ அது நான்கு விதமான சோதனை. பட்டர்ஃபிளையில் இரு கைகளும் ஒன்றாகத் தண்ணீரை இழுக்க வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கில் தலைக்கு மேலே நேராக நீண்ட கை, தண்ணீருக்குள் போனதும் மடங்கி இழுக்க வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வெளியே விரித்து உள்ளே சுழற்ற வேண்டும். கடைசியில் ஃப்ரீஸ்டைல், அதுவும் களைத்துப்போன பிறகு. இவை போக, 400 மீட்டரில் ஏழு திருப்பங்கள். ஒவ்வொரு முறை சுவரை உதைத்துக் கிளம்பும்போதும் இரு கைகளும் காதையொட்டி வளையாமல் நீண்டிருக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரோக்குக்குத் தேறிய கை அடுத்த ஸ்ட்ரோக்குக்கும் தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது. மெட்லிக்காரர் மீண்டு வந்தார் என்று கேட்டால் நான் கூடுதலாக வியப்பது இதனால்தான்.

ஜூலை 27

ரியோ, 2016 ஆகஸ்ட் 6. எலும்பு முறிந்து ஓராண்டுக்குச் சற்றே மேல். கடைசி ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் சேஸ் கேலிஷ் துரத்திக்கொண்டே வருகிறார், ஹகினோ விட்டுக்கொடுக்கவில்லை. 4 நிமிடம் 6.05 விநாடி. கேலிஷ் 0.70 விநாடி பின்னால், செட்டோவுக்கு வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானின் முதல் தங்கம் இது. 200 மெட்லியில் பெல்ப்ஸுக்கு அடுத்து வெள்ளியும் கிடைத்தது.

அந்த முழங்கை அப்போதும் முழுதாகக் குணமாகியிருக்கவில்லை. ரியோ முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

ஜூலை 30

2019-இல் நீந்தும் ஊக்கமே வரவில்லை என்று சொல்லி ஹகினோ சில மாதங்கள் ஒதுங்கினார். ஒலிம்பிக் தங்கம் வென்றவர், சொந்த நாட்டில் 2020-இல் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் அதை வெளிப்படையாகச் சொன்னார். எலும்பு முறிவைச் சொல்வதைவிட இதற்குத் துணிவு அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கின் 200 மெட்லி இறுதிப் போட்டி 2021-இல் இதே தேதியில் நடந்தது. செட்டோ நான்காவது, 0.05 விநாடியில் வெண்கலம் போயிற்று. ஹகினோ ஆறாவது. சிறுவயதில் எதிரெதிரே நீந்தத் தொடங்கிய இருவர் ஒரே ஒலிம்பிக் இறுதியில்! அதே ஆண்டு அக்டோபரில் 27 வயதில் ஹகினோ ஓய்வு பெற்றார். ரியோ தங்கத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். இந்த ஆறாம் இடத்தையும் தேடிப் பாருங்கள். எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.