கோர்க்கா முதல் பால்பா வரை: குன்றுக்கு ஒரு ராஜா

நேபாளப் பயணத்தின் செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் கோர்க்காவில் பட்ட எரிச்சலைக் கொட்டாமல் கணக்குக்குள் நுழைய மனம் ஒப்பவில்லை. கடைவீதியிலிருந்து அரண்மனைக் குன்றுக்கு ஆயிரம் ரூபாய் பேசி ஏற்றிய டாக்சிக்காரர், இறங்கும்போது தாம் கேட்டது ‘ஐசி’, அதாவது இந்திய ரூபாய் என்றார். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது மாறாத விகிதம் என்பதால், ஒற்றைச் சொல்லில் 600 நேபாள ரூபாய் பறிபோனது. நேபாளத்தில் ‘ஐசியா, என்சியா (நேபாள ரூபாயா)’ என்று கேட்காமல் வண்டியில் கால் வைக்காதீர்கள்.

வண்டி நின்ற இடத்திலிருந்தும் படிகள் மிச்சமிருந்தன. தோல் பொருளுக்கு உள்ளே அனுமதியில்லை என்று பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டதால், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே அந்த வரலாற்றுப் புகழ்பெற்ற அரண்மனையைச் சுற்றிப் பார்த்தேன். செங்கல் சுவரும் செதுக்கிய மரச் சன்னல்களும் கொண்ட அது, ஓர் அரசின் தலைமையிடம் என்று நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. 2015 நிலநடுக்கத்தில் சேதமுற்றுப் பின்னர் சீரமைக்கப்பட்டது.

அரண்மனை மட்டுமல்ல, நேபாளம் ஒரே நாடாவதற்கு முன் இந்த மலைகளில் இருந்த அரசுகளே சிறியவைதாம். கண்டகி ஆற்றுப் படுகையில் சௌபீசி எனப்படும் 24 அரசுகளும், மேற்கே கர்ணாலிப் படுகையில் பாயீசி எனப்படும் 22 அரசுகளும் இருந்தன. இந்தப் பகுதியிலேயே உள்ள லிக்லிக் என்ற கோட்டையில் ஆண்டுதோறும் ஓட்டப்பந்தயம் வைத்து, முதலில் வருபவரை அரசராக்கினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த எனக்கு அங்கே குடிமகனாக இருக்கும் தகுதிகூடக் கிடைத்திருக்காது. லம்ஜுங் அரச குடும்பத்து இளைய மகனான திரவிய ஷா அந்த லிக்லிக்கைப் பிடித்து, 1559இல் கோர்க்காவையும் கைப்பற்றினார். அவர் வழியில் வந்த, நேபாளத்தை ஒன்றிணைத்த பிருதிவி நாராயண் ஷா 1744இல் நுவாகோட்டை வென்று, 1768இல் காத்மாண்டுவுக்குள் நுழைந்தார். நுவாகோட்டிலிருந்து காத்மாண்டு எத்தனை அருகில் என்பதை வரைபடத்தில் பார்த்தால், இடையில் கழிந்த 24 ஆண்டுகள் மலைப்பூட்டும்.

போக்கராவிலிருந்து தான்சேனுக்குப் பேருந்தில் சென்றபோது அந்தத் தாமதத்தின் காரணம் எனக்கு முதுகெலும்பு வழியாகவே விளங்கியது. பயணச்சீட்டில் சன்னலோர இருக்கை என்று எழுதியிருந்தும் எனக்குக் கிடைத்தது சூடேறிய எஞ்சின் மூடி. எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் ஊருக்கு, பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடியும் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு மலைமுகட்டிலும் ஒரு ராஜா நிம்மதியாக இருந்ததற்கு இந்தப் பள்ளங்களைவிடப் பெரிய படை தேவைப்பட்டிருக்காது.

தான்சேன்தான் சேன் வம்சத்தினர் ஆண்ட பால்பாவின் தலைநகர். அங்குள்ள பெரிய அரண்மனையைச் சேன் மன்னர்களுடையது என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது பரம்பரைப் பிரதமர்களாக நேபாளத்தை ஆண்ட ராணாக்கள் காலத்து ஆளுநருக்காக 1927இல் எழுந்தது, 2006இல் மாவோயிஸ்ட் தாக்குதலில் எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. எனக்கு அது பெரிதாக ஈர்ப்புத் தரவில்லை. மாறாக, கடைவீதியில் கிடைத்த பட்டுக் என்ற உளுந்து வடை என்னைக் கட்டிப்போட்டது. நடுவில் துளையோடு நம் மெதுவடையின் உடன்பிறப்பைப் போலவே இருந்த அதை, தயிரில் உருளைக்கிழங்கு கலந்த சுக்கௌனியுடன் இரண்டு தட்டு உண்டேன். டாக்சியில் விட்டதில் பாதிகூட ஆகவில்லை.

மற்ற அரசுகள் கோர்க்காவிடம் வரிசையாக விழுந்தபோதும் பால்பா தப்பியதற்குக் காரணம் வீரமன்று, பேரம். பிருதிவி நாராயண் ஷாவின் மகன் பகதூர் ஷாவோடு உடன்பாடு செய்துகொண்ட அதன் மன்னர், அண்டை அரசுகளை விழுங்க உதவிச் சில பகுதிகளைப் பங்காகவும் பெற்றார். ஆனால் அடுத்த மன்னர் பிருதிவிபால் சேன் காத்மாண்டுவுக்கு வரவழைக்கப்பட்டுக் கொல்லப்பட, 1806இல் பால்பாவும் கோர்க்காவோடு சேர்ந்தது.