பசுமை குறைந்த ஆண்டு

ஆய்வில் பங்கேற்பவரின் வீட்டைச் சுற்றி 300 மீட்டருக்குள் எவ்வளவு பசுமை இருக்கிறது என்று அளந்து தருவதே என் வேலை. அந்த எண்ணைத்தான் நோய்ப்பரவலியல் குழுவினர் பிறகு இரத்த அழுத்தத்தோடும் மனச்சோர்வோடும் பொருத்திப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் வான்படங்களின் மீது பூங்கா எல்லைகளைக் கையால் வரைந்தோம். ஒரே பூங்காவை இருவர் வரைந்தால் இரண்டு பரப்பளவு வரும். சாலையோர மரங்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற விவாதத்திலேயே ஒரு பிற்பகல் கழிந்துவிடும்.

நிரல் எழுதிய பிறகு அந்த வழக்கு ஓய்ந்தது. இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் கட்டங்களாகத் தரும் இவ்விரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பசுமை கூடக் கூட உயரும் தாவரக் குறியீடு கிடைக்கிறது. மாதக்கணக்கில் செய்த வேலை ஓர் இரவில் முடிந்தது.

ஆனால் 2022ஆம் ஆண்டின் படங்களை ஓட்டியபோது எல்லா இடங்களிலும் பசுமை சரிந்திருந்தது. வறட்சி என்றார் ஒருவர். கட்டுமானம் என்றார் இன்னொருவர். காரணங்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. யாரும் கை வைக்காத ஓர் அடர்காடும் சரிந்திருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அதன் ஒரு கட்டத்தை எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். முந்தைய ஆண்டில் சிவப்பு 500, அகச்சிவப்பு 3500, குறியீடு 0.75. இப்போது 1500, 4500, குறியீடு 0.5. இரண்டிலும் சரியாக 1000 கூடியிருந்தது. 2022 ஜனவரி 25 முதல் படங்களைப் பதப்படுத்தும் முறை மாறியிருந்ததும், அதன்பின் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் 1000ஐக் கழிக்க வேண்டும் என்பதும் செயற்கைக்கோள் தரவுக்கான ஆவணத்திலேயே இருந்தன. நாங்கள்தான் படிக்கவில்லை. கையால் வரைந்த காலத்துப் பிழைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததால் ஓரளவு ஒன்றையொன்று சமன் செய்தன; நிரலின் பிழையோ எல்லா வீடுகளையும் ஒரே திசையில் தள்ளியதால் உண்மையான போக்கைப் போலவே தோற்றமளித்தது.

ஏரிக்கரை வீடுகளின் சிக்கல் வேறு வகை. நீரின் குறியீடு பெரும்பாலும் எதிர்மறையாக இருப்பதால், சுற்றிலும் மரங்கள் இருந்தாலும் சராசரி தாழ்ந்துவிடும். நீர்ப்பரப்பை முதலிலேயே விலக்கிவிட்டுக் கணக்கிடுகிறோம்.

இப்போதும் ஒவ்வொரு சுற்றிலும் இருபது இடங்களைக் குலுக்கலில் எடுத்து, படங்களைக் கண்ணால் பார்க்கிறேன். சென்ற சுற்றில் 0.7 பெற்ற ஓர் இடத்தைப் பெரிதாக்கினேன்: நேர்த்தியான புல்வெளி, வரிசையாக மரங்கள், நான்கு புறமும் மதில், பூட்டிய ஒரே வாயில். அட்டவணையில் ‘நுழைய முடியுமா’ என்றொரு புதிய நெடுவரிசையைச் சேர்த்திருக்கிறேன். அதை நிரப்ப இன்னும் நிரல் இல்லை.