லெட்சுமியா, லக்ஷ்மியா? மலையகத்திலிருந்து லண்டன் துணைவர் விசா

தாலி ஏறிய மறுநாளே எல்லாரும் கேட்கிற கேள்வி, "லண்டன் ஃபோம் எப்ப போடுறீங்க?" என்பதுதான். ஃபோம் போடுவது கடைசி வேலை. அதற்கு முன், பொண்ணுடைய பெயர் எத்தனை காகிதத்தில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்ணப்பிப்பவர் மாப்பிள்ளை என்றால் அவருடைய பெயரை.

லட்சுமி என்று ஒரு பெயர். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா "லெச்சுமி" என்கிறார். ஆபீஸ் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதுகிறார், பதிவாளர் அதைச் சிங்களத்தில் பதிகிறார். 15, 16 வயதில் பள்ளிக்கூடத்தின் ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அது "லெட்சுமி" ஆகிறது. பாஸ்போட்டில் ஆங்கிலத்தில் எல்-ஈ-டி-சி-எச் என்று வருகிறது. கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை வீட்டார் அழகாக இருக்கட்டும் என்று எல்-ஏ-கே-எஸ்-எச் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் அது ஒரே லெட்சுமிதான். கோப்பைத் திறக்கிற அதிகாரிக்கு மூன்று பேர்.

ஆகவே ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாஸ்போட், பழைய பாஸ்போட், விவாக அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயர், அப்பாவின் பெயர், பிறந்த திகதி மூன்றையும் எழுத்து எழுத்தாக எழுதுங்கள். வித்தியாசங்கள் இரண்டு ரகமாகப் பிரியும்.

ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் மாறியிருப்பது. இது சின்னக் கோளாறு. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள பெயருக்கு இன்ன ஆங்கில எழுத்துத்தான் என்று சட்டம் ஏதும் இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பாஸ்போட் பிரதியையும் கொண்டுபோய், அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஐயா அவருக்குத் தெரிந்தபடி எழுதிய பிறகு திருத்தக் கேட்டால் இரண்டாம் முறையும் காசு போகும். மொழிபெயர்ப்பில் அவருடைய முழுப்பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை மட்டும் குத்தியிருந்தால் போதாது.

மற்றது, மூலத்திலேயே பெயரோ திகதியோ வேறாக இருப்பது. பெயரில் ஓரிரு எழுத்து வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, இருக்கிற எல்லா வடிவங்களையும் அதில் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று போடலாம். பிறந்த திகதி மாறியிருந்தால் சத்தியக் கடதாசியை நம்பிப் போகாதீர்கள். பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெயர்க் கூண்டு வெறுமையாக இருக்கிற அத்தாட்சிப் பத்திரங்களும் தோட்டப் பக்கம் இன்னும் உண்டு. அதற்குப் பெயர் உட்புகுத்த வேண்டும். இந்தத் திருத்தங்களைக் கல்யாணப் பதிவுக்கு முன் முடிப்பதே புத்தி. பிழையான பெயரோடு விவாகம் பதிவானால் திருத்த வேண்டிய பதிவு இரண்டாகிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிந்து காகிதம் எல்லாம் போனவர்கள், பிறப்பு, விவாகப் பதிவுகளின் சான்றுப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வையுங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பிரித்தானியாவின் கட்டாயப் பட்டியலில் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் பாஸ்போட் அதன் மேல்தான் நிற்கிறது.

இங்கே இன்னொரு விஷயம். ஃபோமில் கடந்த 10 வருடப் பயண விவரம் கேட்பார்கள். வீட்டு வேலைக்குச் சவூதி, குவைத் போய் வந்தவர்களுக்கு அந்தக் காலத்துப் பாஸ்போட்டில் ஏஜென்ட் வயதைக் கூட்டிப் போட்ட கதை நம் பக்கம் புதிதல்ல. அதை மறைக்காதீர்கள். பழைய பாஸ்போட் எண், அதிலுள்ள திகதி, சரியான திகதி, ஏன் வித்தியாசம் என்பதை நான்கு வரியில் விளக்கி ஒரு கடிதம் வையுங்கள். வேறு நாடு ஏதாவது விசா மறுத்திருந்தாலும் அப்படியே. வித்தியாசத்தை விளக்கிச் சமாளிக்கலாம், மறைத்தது பிடிபட்டால் அதுவே மறுப்புக்குத் தனிக் காரணம்.

கல்யாணப் பதிவு: மண்டபத்துப் படங்கள் எத்தனை இருந்தாலும் பதிவு இல்லாமல் துணைவர் விசா நகராது. பொது விவாகச் சட்டத்தின்படி அறிவித்தல் கொடுத்து 12 நாள் போக வேண்டும். மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருகிறார் என்றால் இந்தக் கணக்குத் தப்பும். விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாமா, வெளிநாட்டுப் பிரஜை என்றால் விவாகமாகாதவர் என்பதற்கு என்ன சான்று வேண்டும் என்று பதிவாளரிடம் இரண்டு மாதம் முந்தியே கேட்டுவிடுங்கள். முன் விவாகம் இருந்தால் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பு வேண்டும், இடைக்காலத் தீர்ப்புச் சரிவராது. பதிவு முடிந்ததும் பொண்ணு அவசரப்பட்டுப் பாஸ்போட்டில் கணவர் பெயருக்கு மாற வேண்டாம். பிரித்தானியா அதைக் கேட்பதில்லை, நீங்களாக இன்னொரு வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் மிச்சம்.

இனிக் காசு. லண்டனில் இருப்பவர் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருந்து, 2024 ஏப்ரல் 11க்குப் பிறகு முதல்முறை விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 29,000 பவுண் காட்ட வேண்டும். வரி கழிக்க முந்திய தொகை அது. (மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவரின் துணைக்கு வேறு விதி.) பொண்ணு இங்கே ஆசிரியையாக வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. தோட்டத்துப் பக்கம் இருக்கிற காணியும் சேராது.

ஒரே முதலாளியிடம் 6 மாதம் முடித்த மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த 6 மாதத்தில் எப்போதும் ஆண்டுச் சம்பளம் 29,000க்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. மணிக்கூலிக்காரருக்கு 6 மாத மொத்தத்தை இரண்டால் பெருக்குவார்கள், அதாவது மொத்தம் 14,500 வர வேண்டும். இங்கேதான் கல்யாணமே குறுக்கே வரும். சம்பளமில்லாத லீவில் ஒரு மாதம் ஊருக்கு வந்து நின்றால் அந்த மாதம் கணக்கில் பள்ளம் விழும். அப்படியானால் அந்த மாதத்தைத் தாண்டி 6 மாதம் எண்ணுவது நல்லது.

சம்பளத் துண்டில் கையில் கிடைத்ததாக உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பென்ஸ் வரை ஒத்துப்போக வேண்டும். கடைகளில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் 1,900 வாங்கி, 400ஐச் செலவுக்கு வைத்துக்கொண்டு 1,500ஐ வங்கியில் போடுவார்கள். கணக்கில் எடுப்பது வங்கியில் போட்டதைத்தான். முழுத்தொகையையும் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

வருமானம் குறைந்தால் சேமிப்பால் நிரப்பலாம். 16,000 பவுணுக்கு மேலே உள்ளதைத்தான் எடுப்பார்கள், அதையும் 2.5ஆல் வகுப்பார்கள். வருமானம் 25,000 என்றால் குறை 4,000. அதை 2.5ஆல் பெருக்கி 16,000ஐக் கூட்டினால் 26,000 பவுண். அது 6 மாதம் அசையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். சேமிப்பு மட்டும்தான் என்றால் 88,500.

கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண். அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035. விசா 33 மாதத்துக்கு என்பதால் மூன்று வருடமாகக் கணக்கிட்டு 3,105. கட்டும் நாளில் அரச தளத்தில் திரும்பப் பாருங்கள், ஏப்ரலில் கூட்டுவது அவர்கள் வழக்கம்.

லண்டனில் இருவரும் தங்கத் தனி அறை ஒன்று போதும், குசினியும் குளியலறையும் பொதுவாக இருக்கலாம். ஆனால் வீடு நெரிசலாக இருக்கக் கூடாது. வரவேற்பறையையும் சேர்த்து 2 அறைக்கு 3 பேர், 3 அறைக்கு 5 பேர். 1 முதல் 9 வயதுப் பிள்ளை அரை ஆள்.

கொழும்புக்கு எத்தனை தரம் இறங்குவது என்பதை யோசித்துத் திட்டம் போடுங்கள். முதலில் ஆங்கிலப் பரீட்சை. ஏ1 என்கிற ஆக அடிப்படை மட்டம், பேசுவதும் கேட்பதும் மட்டும். பிரித்தானிய விசாவுக்கென அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஐஈஎல்டிஎஸ்ஸில் 7 எடுத்தாலும் இதற்கு உதவாது. முடிவு 2 வருடம் செல்லும் என்பதால் முந்தியே எழுதலாம், தவறினாலும் திரும்ப எழுத நேரம் இருக்கும். அடுத்தது கொழும்பில் ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை. சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் பழைய வடு தெரிந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகும், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் அந்த முடிவு வர 8 கிழமை வரை எடுக்கும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் அந்தக் கிளினிக் அட்டையைக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்ல வேண்டும். ஆங்கிலப் பரீட்சை, காசநோய்ப் பரிசோதனை இரண்டுக்கும் அடுத்தடுத்த நாளில் இடம் எடுத்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம். இரண்டையும் பாஸ்போட்டில் உள்ள பெயரிலேயே பதியுங்கள், அடையாள அட்டையில் உள்ள பெயரில் அல்ல.

இவை கைக்கு வந்த பிறகே லண்டனிலிருந்து கடைசி சம்பளத் துண்டும் வங்கி அறிக்கையும் எடுக்கச் சொல்ல வேண்டும். அவை விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 28 நாளுக்குள் இருக்க வேண்டும் என்பதால், முந்தி எடுத்து வைத்தால் சளி முடிவைப் பார்த்திருக்கும்போதே பழசாகிவிடும்.

உறவு உண்மை என்று காட்ட 300 படம் வேண்டாம். பதிவு, தாலி, இரு வீட்டுப் பெரியவர்களும் நிற்கும் படம், பிறகு அவர் வந்துபோன ஒவ்வொரு முறைக்கும் ஒன்றிரண்டு, கீழே திகதியும் இடமும். அவருடைய போர்டிங் பாஸ், பாஸ்போட்டில் விழுந்த முத்திரை, அனுப்பிய காசின் ரசீது. வாட்ஸ்அப் அரட்டையில் மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். "சாப்டியா", "ஹ்ம்ம்", "கரண்ட் இல்ல" என்று ஆங்கில எழுத்தில் இருந்தாலும் அது தமிழ்தான், மொழிபெயர்க்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் வீட்டு விஷயமோ விசா விஷயமோ பேசிய பக்கங்களாகப் பார்த்து எடுங்கள். அழைப்புப் பட்டியலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

முகவரியில் தோட்டம், டிவிசன், லயன் இலக்கம், கடைசியில் தபால் நகரும் அதன் எண்ணும்: ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200. மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், ஃபோம் நிரப்பித் தரும் கொமினிகேஷன் கடைக்காரருடையதாக அல்ல. முடிவு அதில்தான் வரும். ஸ்கேனையும் ஃபோனில் நிழல் விழப் பிடிக்காமல், கலரில், பின்பக்கத்தோடு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிடிஎஃப் ஆக எடுங்கள். நம் அத்தாட்சிப் பத்திரங்களில் திருத்தக் குறிப்பு பின்பக்கத்திலும் ஓரத்திலும் இருக்கும், அதையே பலர் விட்டுவிடுவார்கள். இவற்றை ஏற்றிய பிறகு கைரேகைக்கு ஒரு தரம் கொழும்பு.

சாதாரண வரிசையில் 12 கிழமை என்பது பிரித்தானியா சொல்லும் கணக்கு. மறுத்தால் சுகாதாரக் கட்டணம் தானாகத் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. இங்கிருந்து மேன்முறையீடு செய்ய 28 நாள் உண்டு. விட்டுப்போன ஒரு சம்பளத் துண்டுதான் காரணம் என்றால் புதிதாகப் போடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். உங்கள் உறவையே நம்பவில்லை என்று எழுதியிருந்தால் அந்த 28 நாளுக்குள் சட்டத்தரணியிடம் கடிதத்தைக் காட்டுங்கள்.