தாடையில் ஈசினோஃபிலிக் கிரானுலோமா: பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

கீழ்க் கடைவாய்ப் பல் ஆடியது. ஈறு நோய் என்று சுத்தம் செய்தார்கள், அப்புறம் பிடுங்கினார்கள். மற்ற ஈறெல்லாம் நன்றாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும் எலும்பு ஏன் கரைகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பிடுங்கிய குழி ஆறவே இல்லை; பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்தது. சுரண்டிய சதையைச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்று கேட்டால், "அது சும்மா சீழ்ச்சதைங்க, போட்டாச்சு" என்கிறார்கள். இன்னும் வயிறு எரிகிறது. ஆறாத குழியிலிருந்து எதை எடுத்தாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்துப் பார்த்த தாடை அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். சுற்றிலும் எலும்பே இல்லாமல் பல் அந்தரத்தில் மிதந்தது. சிடி ஸ்கேன், பயாப்சி எல்லாம் சட்டென்று முடிந்தன.

ரிப்போர்ட்டில்தான் சிக்கல். 'ஈசினோஃபில் அணுக்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) மிகுதி, மேற்கொண்டு சோதனை தேவை' என்று நிறுத்திவிட்டார்கள். ஈசினோஃபிலிக் கிரானுலோமா என்பது லாங்கர்ஹான்ஸ் செல் நோயின் ஒரு வடிவம்; லாங்கர்ஹான்ஸ் வகை அணுக்கள் பெருகி எலும்பைக் கரைக்கும். அதுதான் என்று உறுதியாகச் சொல்ல, சிடி1ஏ, எஸ்100, லாங்கரின் என்ற புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகள் வேண்டும். அதற்குத் திசுவைப் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக் தேவை. லேப் கவுன்ட்டரில் இருந்தவரோ ஸ்லைடை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தார். பெரிய மருத்துவமனையில் அதைத் தொடக்கூட இல்லை. திரும்பிப் போனால், டாக்டர் கடிதம் இல்லாமல் பிளாக் தர முடியாதாம். முதலிலேயே சொல்லியிருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம். ஒருவழியாகக் கைக்கு வந்தது: சின்ன பிளாஸ்டிக் சட்டம், மேலே மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. ஓரத்து எண்ணை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே நகர்ந்தேன்.

மூன்றும் பாசிட்டிவ். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பெட் ஸ்கேன், ரத்தச் சோதனைகள். தாகம் அதிகமா, சிறுநீர் நிறையப் போகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தொட்டிருந்தால் அப்படி வரும். சிகரெட் பற்றியும் விசாரணை, நுரையீரலுக்காக.

ஓர் இடம்தான் என்பதால் சுரண்டி எடுத்ததோடு சரி. சிலருக்குப் புண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பல எலும்புகளிலோ மற்ற உறுப்புகளிலோ இருந்தால் வின்பிளாஸ்டின் (கீமோ மருந்து), பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) என்று சிகிச்சை நீளும். திரும்ப வரக்கூடியது என்பதால் எக்ஸ்ரே தொடர்கிறது.

பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். பின்னால் பிராஃப் மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அதே துணுக்கைத்தான் தேடுவார்கள். ரசீதெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். ரிப்போர்ட் நகலிலேயே தேதியோடு கையெழுத்து வாங்கிவிட்டேன்.