நான் அடித்துவிட்ட ‘உண்மை’

ஒரு விசாரணை அறிக்கையின் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தபோது ‘உண்மை’ என்ற சொல்லை ஓரிடத்தில் அடித்தேன். அடித்தது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

‘தாம் தாமதமாக வந்த உண்மையை அவர் மறுக்கிறார்’ என்று எழுதியிருந்தார் எங்கள் இளம் மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் ‘டிஸ்ப்யூட்ஸ் தி ஃபேக்ட் தட்’ என்று இருந்தது. நான் அதை ‘வந்ததை மறுக்கிறார்’ என்று மாற்றினேன்.

“சார், மூலத்தில் ‘ஃபேக்ட்’ இருக்கிறதே, அதை நாம் ஏன் விழுங்க வேண்டும்?” என்றார்.

“அங்கே அது வெறும் இணைப்புச் சொல். அதில் பொருள் தேடாதீர்கள்.”

“எழுதியவர் தெரிந்தே போட்டிருந்தால்?”

நேரமாகிவிட்டது, அனுப்புங்கள் என்றேன்.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ‘டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்’ என்பதைத் தமிழில் ‘இருந்தும்’, ‘போதிலும்’ என்று முடித்துவிடுகிறோம். அங்கே யாரும் உண்மையைத் தேடுவதில்லை. மேலும், ஆங்கிலத்தில் ‘ஃபேக்ட்’ வேறு, ‘ட்ரூத்’ வேறு; தமிழில் இரண்டுக்கும் பெரும்பாலும் ‘உண்மை’ ஒன்றுதான். லத்தீனில் ‘செய்’ என்னும் வினையிலிருந்து வந்த ‘ஃபேக்ட்’, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் செயலை, பெரும்பாலும் தீச்செயலையே குறித்தது. குற்றத்துக்குப் பின் உதவியவரை அமெரிக்கச் சட்டம் இன்றும் ‘அக்செசரி ஆஃப்டர் தி ஃபேக்ட்’ என்று சொல்வது அதன் எச்சம். நம்முடைய சொல்லோ ‘உள்’ என்பதிலிருந்து பிறந்து, ‘இருப்பது’ என்று அடித்துச் சொல்கிறது. உண்மையை மறுக்கிறார் என்று எழுதினால், விசாரணை முடியுமுன்பே அவரைப் பொய்யராக்கிவிடுகிறோம்.

ஆனால் ஆங்கில வாக்கியமும் அதைத்தானே செய்திருந்தது? சில வினைகள் தம்மைத் தொடரும் கூற்றை மெய்யென்று முன்கூட்டியே கொள்கின்றன என்றும், அவற்றோடுதான் ‘தி ஃபேக்ட் தட்’ இயல்பாகச் சேரும் என்றும் மொழியியலாளர்கள் பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970இல் விளக்கியதைப் பிறகு படித்தபோது என் ‘வெறும் இணைப்புச் சொல்’ ஆட்டம் கண்டது. அறிக்கை எழுதியவர் முடிவு கட்டிவிட்டே எழுதியிருந்தால், அவருடைய சாய்வை வாசகர் கண்ணில் படாமல் மறைத்தவன் நான்.

இதைவிட உறுத்துவது வேறொன்று. நான் எழுதிய ‘வந்ததை’ மட்டும் நடுநிலையானதா? அதுவும் வந்ததாகவே வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. ‘வந்ததாகச் சொல்லப்படுவதை’ என்றால் நடுநிலை கிடைக்கும். ஆனால் மூலத்தில் இல்லாத, சொன்னவர் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். எழுதியவரிடமே கேட்டிருக்கலாம். ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியது, ஒரு சொல்லுக்காகவா என்று விட்டுவிட்டேன்.

அந்த மொழிபெயர்ப்பாளர் இப்போது அந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்பதேயில்லை. பதிவேட்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்யப்பட்ட செய்தி வருமிடத்திலும் ‘உண்மை’யைத் தவிர்த்தே எழுதுகிறார்.