பால் கவர் யாருக்கு?

“பால் கவரை மட்டும் எடுக்காம விடுங்க சார், லோடு தானா பாஸ் ஆகிடும்.” குன்னூரில் நாங்கள் குப்பையைப் பிரித்து, விற்க முடியாததைப் பேலாக, அதாவது அழுத்திக் கட்டிய பொதியாக, நிலக்கரியோடு எரிக்க அனுப்புகிறோம். அதை வாங்கும், மலைக்குக் கீழே இருக்கும் மின் நிலையத்தில் எரிபொருள் பார்ப்பவர் மரியாதையாகத்தான் சொன்னார். முடியாது என்றேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவர் கணக்கில் பிழை இல்லை. நம் நாட்டு நிலக்கரி கிலோவுக்கு 3,500, 4,000 கிலோகலோரி வெப்பம் கொடுத்தாலே நல்லது. பால் கவரின் பாலித்தீன் 10,000ஐத் தாண்டும். அதையும் பெட் பாட்டிலையும் எடுத்துவிட்டால் எங்கள் குன்னூர் ஷெட்டில் மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட்டும் கிழிந்த துணியும். ஐப்பசி மழையில் அதைப் பேல் கட்டினால் ஈரமும் சேர்ந்தே கட்டுப்படும். அப்புறம் அது கொதிகலனுக்குள் போனதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும்.

நானும் அனல் மின் நிலையத்தில் இருந்தவன். ரெக்சினிலும் செருப்பிலும் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் கலந்தால், அதிலுள்ள குளோரின் கொதிகலனில் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாயை அரிக்கும் என்று தெரியும். அவற்றை அவர் கறாராக ஒதுக்கச் சொன்னபோது அவர் பக்கம்தான் நின்றேன். பால் கவர் அப்படி இல்லை. அதை விற்ற காசு ஷெட்டில் குப்பை பிரிக்கிறவர்களுக்குப் போகிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர்களில் ஒரு அக்கா கேட்டார்: “கவரும் போச்சுன்னா எங்களுக்கு மிச்சம் நாத்தம்தானே சார்?”

2016 திடக்கழிவு விதிகளும் மறுசுழற்சிக்கு உதவாததைத்தான், அதுவும் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாததைத்தான், எரிபொருளாக்கச் சொல்லின. கழுவிக் காயவைத்த கவர் அந்தக் கணக்கில் வராது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே.

ஆனால் கவர் இல்லாமல் அனுப்பிய அந்த லோடு பாஸ் ஆகாமல் திரும்பி வந்தது. பர்லியாறு வழியாக இறங்கிய லாரி அதே வளைவுகளில் ஏறி வந்தது, வாடகை இரட்டிப்பு. ஷெட்டில் இடமில்லாமல் பேல்களை வெளியே தார்ப்பாய் போட்டு அடுக்கினோம். இரவில் காட்டுமாடுகள் வந்து இழுத்து மென்றன. அந்த அக்காவின் கூலியைக் காப்பாற்றப் போய் மாட்டின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக்கை அனுப்பினேனா? வெப்பக் கணக்குப்படி ஒரு டன் கவர் இரண்டரை டன் நிலக்கரிக்குச் சமம். அவ்வளவு கரி மிச்சமாகும் என்று மின் நிலையத்துக்காரர் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

என்றாலும் எரித்தால் கவரின் கதை அதோடு முடிந்தது. உருக்கினால் இன்னொரு பையாகவோ தோட்டத்துக் குழாயாகவோ வரும். நல்ல பிளாஸ்டிக் சேர்ந்தால்தான் குப்பை நல்ல எரிபொருள் ஆகிறது. அப்படியிருக்க, பிரிப்பதில் யாருக்கு அக்கறை இருக்கும்? என்னை உறுத்துவது இதுதான். என் ஒருவன் பிடிவாதத்தால் இது தீராது.

அடுத்த ஒப்பந்தத்தில் வெப்பத்துக்கு விலை பேசும்போது பிரிக்கிறவர்களுக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை. பங்கு கிடைத்தால் கவரை விட்டுக்கொடுப்பேனா என்றால், அக்காமார்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.