எக்ட்வேட் பெண்ணின் கூந்தலும் வயலில் இட்ட சுண்ணாம்பும்

டென்மார்க்கின் எக்ட்வேட் என்னும் ஊரில் 1921ஆம் ஆண்டு ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது, ஓக் மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டியில், கி.மு. 1370ஆம் ஆண்டுக் கோடையில் அடக்கம் செய்யப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பெண் கிடைத்தாள். அமிலம் மிகுந்த ஈரத்தில் எலும்புகள் கரைந்துவிட்டன. கூந்தலும் நகங்களும் பல் எனாமலும் கம்பளி ஆடையும் எஞ்சின. பெட்டியின் விளிம்பில் ஒரு பூ வைக்கப்பட்டிருந்தது. அவளைக் கோடையில்தான் அடக்கம் செய்தார்கள் என்று நமக்குச் சொல்வது அந்தப் பூதான்.

பாறையிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் மண்ணுக்கும் நீருக்கும், அங்கிருந்து பயிர் வழியாக உண்பவரின் உடலுக்கும் வந்து சேர்கிறது. அதன் இரு ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதம் பாறையின் வகையையும் வயதையும் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபடும். முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் சிறு வயதில் உருவாகிப் பிறகு மாறாதிருப்பதால், குழந்தைப் பருவத்து நிலத்தின் அடையாளம் அதில் தங்கிவிடுகிறது. கூந்தலோ மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது, ஆகவே 23 சென்டிமீட்டர் நீளமுள்ள அவளது முடி, வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளைக் காட்டியது.

கரின் ஃப்ரை தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, அவளது விகிதம் எக்ட்வேட் பகுதி நீரின் விகிதத்தைவிட உயர்ந்திருந்ததை வைத்து, அவள் டென்மார்க்குக்கு வெளியே, பெரும்பாலும் தென் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்தவள் என்றும், அந்த இரண்டு ஆண்டுகளில் இங்குமங்குமாகப் பயணம் செய்து, இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு எக்ட்வேட் வந்தாள் என்றும் கூறியது. அதைப் படித்தபோது அந்த நெடும்பயணத்தை நானும் முழுமையாக நம்பினேன்.

2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வேறொரு கேள்வியை எழுப்பினர். மண்ணின் அமிலத்தைக் குறைக்க உழவர்கள் வயல்களில் இட்டுவரும் சுண்ணாம்பிலும் ஸ்ட்ரான்சியம் உண்டு. அது அப்பகுதி நீரின் விகிதத்தையே தாழ்த்திவிட்டிருக்கிறது. சுண்ணாம்பு படாத இடங்களில் அளந்தபோது, அவளது உயர்ந்த விகிதத்தை ஒத்த அளவுகள் புதைமேட்டின் அருகிலேயே கிடைத்தன. ஃப்ரை குழு இதை ஏற்கவில்லை. எனக்கோ ஆர்ஹூஸ் வாதமே வலுவாகப் படுகிறது. ஏனெனில், சுண்ணாம்பு இட்ட இன்றைய வயலின் நீரை வைத்து வெண்கலக் காலத்தவள் குடித்த நீரை மதிப்பிட முடியாது. அப்படியானால் கூந்தலில் தெரியும் ஏற்ற இறக்கங்களை, பள்ளத்தாக்குக்கும் மேட்டு நிலத்துக்கும் இடையே அவள் நடந்த குறுகிய தொலைவுகளாகக் கொள்ளவும் இடமிருக்கிறது.